மல்லாட்டை மிஷின் நிற்கவில்லை

என் பெயர் கிருஷ்ணவேணி. வயது முப்பத்திரண்டு. கணவர் பெயர் தாண்டவராயன். திண்டிவனம் மயிலம் ரோட்டில் வேர்க்கடலை உடைக்கும் எங்கள் மல்லாட்டை மில்லுக்குப் பின்வீட்டில் குடியிருக்கிறேன்.

சென்ற ஆடியில் மில்லுக்குக் கரண்டு இழுக்க விழுப்புரத்திலிருந்து வயர்மேன் தேவசகாயம் வந்தார். தடிமனான கம்பி கிடைக்காததால் மோட்டாருக்குப் போகும் மூன்று லைனிலும் இரண்டிரண்டு கம்பியாகச் சேர்த்துப் போட்டார். நான் மோர் கொண்டுபோனபோது அவர் என் கணவரிடம், "ரெண்டும் சேந்து தாங்குற அளவுக்குத்தான் பியூஸ் போட்டுக்கீறேங்க. ஒண்ணை எடுத்துட்டா பியூஸ் போவாது, மிச்ச கம்பிதான் எரியும்" என்று சொன்னதைக் காதால் கேட்டேன்.

அதன்பிறகு தீபாவளி சமயத்தில் என் கணவர் கொல்லையில் துணிக்கொடி கட்டினார். கறுப்பு ரப்பர் கம்பி. ஏது என்று கேட்டதற்கு, வேலையில் மிச்சம் விழுந்தது என்றார். அவர் எதிலும் மிச்சம் பிடிக்கிறவர் என்பதால் நானும் அதில் புடவை உலர்த்தினேன்.

அதன்பிறகு தை மாதம் புதுக்காய் வரத்து அதிகமாகி இரண்டு மிஷினையும் சேர்த்து ஓட்டினார்கள். சென்ற வெள்ளிக்கிழமை பகலில் ரப்பர் கருகும் நாற்றம் வந்து நான் ஓடினேன். மல்லாட்டைத் தோல் குவித்திருந்த அறையில் சுவரோரம் கம்பி நெடுகத் தீ ஓடிக் கூரை பற்றியிருந்தது. மெயின் சுவிட்ச் உள்பக்கம் இருந்ததால் யாரும் நெருங்க முடியவில்லை. பியூஸ் போகாததால் அத்தனை தீயிலும் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில், உள்ளே தோல் அள்ளிக்கொண்டிருந்த சவுரியம்மாளுக்கு நாங்கள் கத்தியது கேட்கவேயில்லை. வெளியே கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

அதன்பிறகு போலீசார் தேவசகாயத்தைப் பிடித்துப் போனார்கள். வயர்மேன் போட்டதே லைனுக்கு ஒரு கம்பிதான் என்று என் கணவர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை என்னிடம், "கொடிய அவுத்து கெணத்துல போட்டுடு, ஜல்தி" என்றார். அப்போதுதான் அது மோட்டார் லைனிலிருந்து எடுத்த கம்பி என்று எனக்கு விளங்கியது. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரே வேலைக்கு ரெண்டு எதுக்குன்னு எடுத்தேன். மூணு மாசமா ஓடிக்கினுதானே இருந்துச்சி?" என்றார்.

மற்ற இரண்டு லைன் கம்பிகளை அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. கொடியை நான் கிணற்றில் போடவில்லை. சுருட்டி எடுத்து வந்து இன்று போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தேன்.

புருஷனுக்கு எதிராகச் சொல்லிவிட்டு எப்படியம்மா வீட்டுக்குப் போவாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். போகப்போவதில்லை, துணிமணி எடுத்து வந்துவிட்டேன் என்று சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) தா. கிருஷ்ணவேணி