காபி டம்ளரில் ஒரு வாய்

எனக்கு மதுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. காபியைப் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவேன்.

நுரைக்கிற அந்த ஒயின் பாட்டிலைக் கொண்டுவந்தவள் சாதனா, என் தம்பி ஜெயந்துக்கு நிச்சயித்திருந்த பெண். லண்டனில் வேலை. தை மாதம் கல்யாணம், பிறகு அவனும் அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. அவன் குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு வாய் பட்டாலும் பழையபடி ஆகிவிடுவான் என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். சாதனாவிடம் இதையெல்லாம் நானே பக்குவமாகச் சொல்வதாக ஜெயந்திடம் ஏற்றுக்கொண்டேன். சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

குடித்த காலத்தில் ‘அக்கா, அக்கா’ என்று என் புடவைத் தலைப்பை விடமாட்டான். குடியை விட்டபிறகு என்னிடம் பேச்சு குறைந்துவிட்டது.

அன்று பாய் ஃபோட்டா. பெஹாலாவில் அக்கம்பக்கத்து வங்காளிகளைப் பார்த்து எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்ட பழக்கம். தம்பியை யமன் அண்டாமலிருக்க அக்கா அவன் நெற்றியில் சந்தனம் வைத்துத் தன் கையால் ஊட்டுவாள். அவள் தருவதை அவன் மறுக்கக்கூடாது.

வீட்டில் கண்ணாடிக் கோப்பை கிடையாது. காபி டம்ளரில் ஊற்றினேன்.

“ஆத்திடாதீங்க அக்கா, நுரையெல்லாம் போயிடும்,” என்று சிரித்தாள் சாதனா. “இங்கிலாந்துல ஒரே தோட்டத்துத் திராட்சை. வேற எதையும் கலக்கல. நாக்குல கொஞ்சம் நிறுத்திப் பாருங்க.”

நிறுத்திப் பார்த்தேன். பச்சை ஆப்பிளின் புளிப்பு, பின்னால் வறுத்த ரொட்டியின் வாசனை, கடைசியில் சுண்ணாம்புபோல் ஒரு வறட்சி. நன்றாகத்தான் இருந்தது.

அவள் தட்டு எடுக்க உள்ளே போனபோது ஜெயந்த் மெதுவாகக் கேட்டான்.

“அவகிட்ட சொல்லிட்டியாக்கா?”

“சொல்லிட்டேன். ஒரு வாய்ல ஒண்ணும் ஆகாதுன்னு அவளே சொன்னா. இன்னிக்கு என் கையைத் தட்டாதே.”

சந்தனம் காயாத நெற்றியோடு வாங்கிக் குடித்தான். அடுத்த தடவை டம்ளரை அவனே நீட்டினான்.

பதினோராம் நாள் சாதனா மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மார்கழியில் அவனை ஹவுரா படித்துறையில் ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

இப்போதெல்லாம் மத்தியானத்தில் காலி டம்ளருக்குள் நுரை சீறுகிறது. கழுவிக் கவிழ்த்தாலும் கேட்கிறது. சாப்பாட்டு மேசையில் அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். நெற்றிச் சந்தனம் இன்னும் ஈரமாக இருக்கிறது. சோறு போடுகிறேன். தொடுவதில்லை. ஆனால் எழுந்து போவதும் இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆம், தெரிந்தேதான் கொடுத்தேன். லண்டனுக்குப் போயிருந்தால் அவனை நான் இழந்திருப்பேன்.