காகத்திடம் சொன்ன பெயர்

புஜைராவில் காகங்கள் உண்டு என்று ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஐயப்பா, நீ வந்து ஒரு வாரம்தானே ஆகிறது. துறைமுகப் பக்கம் போனால் பார்ப்பாய். எல்லாம் கப்பலில் ஏறி வந்த கூட்டம் என்பார்கள்.

உன் அண்ணன் மாயாண்டி எப்படிச் செத்தான் என்று கேட்டாய். கம்பெனி உங்கள் வீட்டுக்கு அனுப்பிய காகிதத்தில் வெயில் தாக்கி என்று இருந்திருக்கும். அது பொய்யில்லை. மீதியை நான் சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே கேள்.

2007இல் உங்கள் ஆத்தா இறந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. பதினாறாம் நாள் கேம்ப் மதில்மேல் சோறு வைத்துக் கூப்பிட்டான். ஒரு காகம் வந்தது. இடது கால் ஊனம், தத்தித் தத்தி வந்தது. உங்கள் ஆத்தாவுக்கும் இடது கால்தானே. மதிலைப் பிடித்துக்கொண்டு அவன் அழுததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அன்று முதல் அது தினமும் மதியம் வரும். அது தின்ற பிறகுதான் அவன் தட்டில் கை வைப்பான்.

"விசா, டிக்கெட் எதுவும் இல்லாம மகனைப் பாக்க வந்த ஒரே ஆளு ஒங்க ஆத்தாதான்டா," என்பான் எங்கள் ரூம் பொன்னுச்சாமி. மாயாண்டியும் சேர்ந்து சிரிப்பான்.

ஆனால் அவன் அதனிடம் பேசவும் ஆரம்பித்தான். முணுமுணுவென்று ஏதோ பெயர்கள். ஒருநாள் பொன்னுச்சாமியின் அப்பா பெயரைச் சொன்னான். மூன்றாம் நாள் அவர் போய்விட்டதாக ஊரிலிருந்து போன் வந்தது. எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த மனிதர்தான். இருந்தாலும் ரூமில் சிரிப்பு நின்றுபோனது. எங்கள் ஊர்ப் பக்கம் காகத்தை ஏவிவிடும் மந்திரவாதி ஒருவர் இருந்தார். பெயரை மட்டும் அதன் காதில் போட்டால் போதும், உயிரைக் கொத்திக்கொண்டு வந்துவிடும் என்பார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை.

ஆகஸ்டில் என் மகள் ஜோதிமணிக்கு ஆபரேஷன் தேதி குறித்தார்கள். ஏழு வயது, இதயத்தில் ஓட்டை. தேதிக்கு ஐந்து நாள் முன்பு துணி காயப்போட மதில் பக்கம் போனேன். மாயாண்டி காகத்தின் அருகே குனிந்து நின்றிருந்தான்.

"ஜோதிமணி. சேதுராமண்ணன் மக ஜோதிமணி. மறந்துராத."

நான் அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் மத்தி மீன் துண்டு ஒன்றில் எலி மருந்தைத் தடவி, அவன் வருவதற்கு முன் மதிலில் வைத்தேன். என் கையும் அதற்குப் பழக்கம்தான், பயப்படாமல் வந்து எடுத்தது. ஸ்டோருக்குப் பின்னால் மணலில் புதைத்தேன். தூக்கினால் கனமே இல்லை.

அதற்குப் பிறகு மாயாண்டி சாப்பிடவில்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அவன் வழக்கம் எனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு மதியமும் சோற்றை வைத்துவிட்டு வெயிலில் நிற்பான். பொழுது சாய்ந்த பிறகும் தட்டைத் தொடமாட்டான். வயிற்றில் போனது பால் இல்லாத சுலைமானி டீயும் தண்ணீரும்தான்.

"ஆத்தா பட்டினியாக் கெடக்கையில எனக்கு மட்டும் எப்படிண்ணே எறங்கும்?"

காகம் செத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அழுதிருப்பான், தலை முழுகியிருப்பான், அதற்குப் பிறகு சாப்பிட்டிருப்பான். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை.

எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி அடிச்சேற்றை வழிப்பது எங்கள் வேலை. நீயும் அதற்குத்தான் வந்திருக்கிறாய், தெரிந்துகொள். ஆள் நுழையும் ஓட்டைக்கு வெளியே ஒருவன் உட்கார்ந்திருப்பான். ஹோல் வாட்ச் என்போம். உள்ளே இருப்பவனைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் விசில் ஊத வேண்டும். அவ்வளவுதான் வேலை. மாயாண்டிக்கு ஹோல் வாட்ச் நான்.

ஆபரேஷன் நாள். மதிய இடைவேளை முடிந்து மூன்று மணிக்கு ஃபோர்மேன் கௌஸ் முகைதீன் பாய் வந்தார். கீழக்கரைக்காரர், நல்ல மனிதர்.

"என்னப்பா, இவன் மூஞ்சி வாடிக் கெடக்கு. சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான் பாய்," என்றேன். மாயாண்டி என்னைப் பார்த்தான். அண்ணன் தனக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்திருப்பான். ஒருநாள் சம்பளம் போகாமல் காப்பாற்றுகிறார் என்று. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே இறங்கினான். மூலையில் கொஞ்சம் சேறுதான் மிச்சம், ஒரு ஆள் போதும்.

முதல் தடவை கூப்பிட்டபோது, "இருக்கேண்ணே," என்றான். இரண்டாம் தடவை "ம்" என்று மட்டும் கேட்டது. மூன்றாம் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இவன் இருக்கும்வரை இன்னொரு காகம் வரும், இன்னொரு முறை என் மகள் பெயரைச் சொல்வான் என்று நினைத்தேன். பிறகு பாய் தூரத்தில் வருவது தெரிந்தது. அப்போது ஊதினேன். உன் அண்ணனைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன்.

ஜோதிமணி இப்போது நான்காம் வகுப்பு. நன்றாக ஓடுகிறாள்.

ஒன்றை மட்டும் முன்பின்னாகச் சொல்லிவிட்டேன். அன்று இடைவேளையில், ஒரு மணிக்கே, என் மனைவி ஜெயமணி போன் செய்தாள். "ஏங்க, புள்ள கண்ணத் தொறந்துட்டா. தண்ணி கேட்டா. இனிமே பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு." மாயாண்டி பக்கத்தில்தான் நின்றான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாந்தான் ஆத்தாகிட்டச் சொல்லி வெச்சேண்ணே, பிள்ளையப் பாத்துக்கன்னு. ஆசுபத்திரிக்குத்தான் போயிருக்கா. அதான் இத்தன நாளா இங்கிட்டு வரல. வேலை முடிஞ்சதும் பாருங்க, மதில்ல ஒக்காந்திருப்பா. மூணு பேருமாச் சாப்பிடுவோம்."

அதற்குப் பிறகுதான் மூன்று மணி ஆனது.

நீ தட்டில் இன்னும் கை வைக்கவில்லை, ஐயப்பா. சாப்பிடு. நான் என் பிள்ளையைக் காப்பாற்றினேன், வேறொன்றும் செய்யவில்லை.