வாரம் ஒரு கால் சுற்று

கொசுவைக்கூட நான் யோசித்துத்தான் அடிப்பேன். டிரம்மர் அண்ணே, நம் இசைக்குழுவின் தலைவர் என்ற முறையில் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். மறைக்க ஒன்றுமில்லை, எழுதுகிறேன்.

கிட்டார் பழுது பார்ப்பது என் தொழில். நம் குழுவில் பதினொரு வருடமாகப் பின்னணிக் கிட்டார் வாசிக்கிறேன். லீட், அதாவது முன்னணிக் கிட்டார், வாசித்தவர் விலகியதும் அந்த இடம் எனக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். எல்லாரும் என்றால், நான். நீங்கள் என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டீர்கள். அவன் பல் டாக்டர். வந்த இரண்டாவது வாரமே லீட். நான் கை தட்டினேன், நீங்களே பார்த்தீர்கள்.

சனிக்கிழமை காலையில் பயிற்சிக்கு முன்னால் கிட்டாரை என் பட்டறைக்குக் கொண்டுவருவான். "மாமா, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்பான். பார்த்துக் கொடுத்தேன்.

அவனுடையது டிரெமோலோ, அதாவது சுருதியை அசைக்கும் கைப்பிடி, வைத்த கிட்டார். கம்பிகள் உட்காரும் பிரிட்ஜ் இரண்டு திருகாணிகளில் சாய்ந்து, பின்பக்க ஸ்பிரிங்குகளின் இழுப்பில் மிதந்துகொண்டிருக்கும். அந்தத் திருகாணிகளைக் கால் சுற்று ஏற்றினால் ஆறு கம்பியும் மயிரிழை உயரும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் உடனே தெரியாது. வாரம் ஒரு கால் சுற்று ஏற்றினேன். கம்பிகளைத் தளர்த்தாமல் திருகினால் திருகாணி தேய்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் ஆறையும் தளர்த்தி, ஏற்றி, மறுபடி சுருதி சேர்த்தேன். திருகாணிக்கு நான் ஒரு துரோகமும் செய்யவில்லை.

ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்த கம்பி இரண்டு மாதத்தில் இரண்டேகாலைத் தாண்டியது.

"விரல் வலிக்குது மாமா. கம்பி ஒசந்துடுச்சோ?"

"கை இன்னும் பழகல. போகப் போகச் சரியாயிடும்."

விரல் நுனியில் தோல் உரிந்தபோது பிளாஸ்திரி வாங்கிக் கொடுத்தது யார்? நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் மனைவிகூட, "தம்பிக்குக் கொஞ்சம் எறக்கித்தான் குடுங்களேன்" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். அடுத்த வாரம் அரைச் சுற்று ஏற்றினேன்.

அவன் சலித்துப்போய் விலகிவிடுவான் என்பது என் கணக்கு. அவனோ விடாமல் வாசித்தான். விரல் காய்த்துப்போய் இரும்பாகிவிட்டது. கம்பி உயர்ந்தால் விரல் பதிக்கும் கட்டைகளில் உரசாது, நாதம் கணீரென்று வரும். என் தொழிலில் இது முதல் பாடம். ஐந்து மாத அவசரத்தில் எனக்கு மறந்துவிட்டது. "என்னமா வாசிக்கிறான்!" என்று நீங்கள்கூட வியந்தீர்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி. இரண்டாவது பாட்டில் என் கிட்டாரின் கம்பி ஒன்று அறுந்தது. என்னுடையதும் மிதக்கும் பிரிட்ஜ்தான். ஒன்று போனால் ஸ்பிரிங் இழுத்து மற்ற ஐந்தும் சுருதி விலகிவிடும். அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. மச்சினன் தன் கிட்டாரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான்.

"இத வாசிங்க மாமா. அடுத்த பாட்டுக்கு லீட் நீங்கதான். உங்களுக்கு எத்தன வருஷ ஆசை!"

பதினொரு வருடம் காத்திருந்த பாட்டு. முதல் கம்பியை அழுத்தினேன், அது அமுங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தலாம் என்றால் மீட்டுவதற்கு ஆள் வேண்டும். வந்த சத்தத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். நான்கு வரி தாண்டுவதற்குள் விரல் நுனி எரிந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆத்திரத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டேன்.

"இந்தக் கிட்டார செட் பண்ணவனுக்கு மனசாட்சியே கெடையாது."

மச்சினன் ஓடிவந்து மைக்கை வாங்கினான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. செட் பண்ணதே எங்க மாமாதான். அவருக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி."

எல்லாரும் கை தட்டினார்கள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவியைத் தவிர.

ஆமாம் அண்ணே, இருபது சனிக்கிழமையும் தெரிந்தேதான் செய்தேன். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொறாமைப்படும் அளவுக்கு அவன் ஒன்றும் அவ்வளவு நன்றாக வாசிப்பதில்லை.