அடைப்புக்குறிக்குள் இருந்தது

காலையில் தேநீர் ஆறுவதற்குள் யாரோ எழுதிய ஒரு வாக்கியத்தைச் சுருக்கிவிடுவது என் வழக்கம். வேறு பழக்கம் எதுவும் எனக்கு இல்லை. புகைப்பதில்லை, குடிப்பதில்லை, ஈப்போவில் எந்தக் கட்சிக் கூட்டத்திலும் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். மனைவி போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அந்த நேரத்தில்தான் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதத் தொடங்கினேன்.

நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள். ஊர், செடி, நோய் என எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்பது அதுதான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால்தான் முதல் வாக்கியங்கள் கெட்டுப்போகின்றன. ஒருவர் லூமுட்டைப் பற்றி எழுதுவார். லூமுட் என்று தொடங்கி உடனே ஓர் அடைப்புக்குறி. உள்ளே மலாய் எழுத்து, சீன எழுத்து, ஜாவி எழுத்து, வெள்ளைக்காரன் காலத்துப் பெயர், உச்சரிப்பு, மீனவர்கள் சொல்லும் பெயர். அடைப்புக்குறிக்குள் இன்னோர் அடைப்புக்குறி. தமிழில் ஒரு பொருள் இன்னது என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். படிப்பவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுவார். நான் அந்தக் குப்பையை அள்ளிக் கீழே கொட்டுவேன். லூமுட் பேராக்கின் கடற்கரையில் உள்ள ஒரு நகரம். அவ்வளவு போதும்.

இதற்காக ஒரு வழிகாட்டுதலும் எழுதினேன். இப்போது கைப்பேசியில் கேட்டால் அது முதல் வாக்கியத்தை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறது, வாசகர்கள் அதைத் தாண்டுவதில்லை, ஆகவே அது சுத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அது உங்கள் கையில் இருக்கிறது என்று சொன்னீர்கள். இருக்கட்டும். என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஷாமினியைப் பற்றிக் கேட்டீர்கள். லூமுட்டில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. செடிகளைப் பற்றி நன்றாக எழுதுவாள், ஆனால் எதையும் விட மனம் வராது. காடோங் கிழங்கைப் பற்றிய கட்டுரையை அவள்தான் தொடங்கினாள். கைவிட்ட ரப்பர்த் தோட்டங்களில் மரத்தைச் சுற்றி ஏறும் முள்கொடி, மூன்று மூன்று இலை, மண்ணுக்கு அடியில் கொத்தாகக் கிழங்கு. அவள் எழுதிய முதல் வாக்கியம் என் கைப்பேசித் திரையை முழுதாக அடைத்துக்கொண்டது. மலாய்ப் பெயர்கள், தாவரவியல் பெயர், தோட்டத்து மக்கள் வைத்த பெயர், பிறகு நஞ்சு உடையது, அவித்தாலும் நஞ்சு போகாது, சீவிப் பல நாள் ஓடும் தண்ணீரில் ஊறவைத்த பிறகே உண்ணலாம். எல்லாம் ஒரே அடைப்புக்குறிக்குள்.

நான் அதை எடுத்துவிட்டேன். காடோங் என்பது தென்கிழக்காசியாவில் உண்ணப்படும் ஒரு காட்டுக் கிழங்கு. இதில் பொய் ஏதும் இல்லை. ஊறவைத்து உண்கிறார்கள். நஞ்சைப் பற்றிய விவரத்தை நான் அழிக்கவில்லை, கீழே 'பயன்பாடு' என்ற பகுதிக்குக் கொண்டுபோனேன். அங்கே அது முழுதாக, ஒழுங்காக இருந்தது.

ஷாமினி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், மத்ததெல்லாம் எடுங்க. நஞ்சுங்கிற ஒரு வார்த்தை மட்டும் முதல் வரியில இருக்கட்டும் சார்."

"கீழே இருக்கும்மா."

"கீழ யார் சார் படிக்கிறா? நீங்கதானே எழுதியிருக்கீங்க, யாரும் படிக்கிறதில்லைன்னு."

"அது பொதுவா சொன்னது. வேணும்னு தேடுறவங்க படிப்பாங்க."

பிறகு, "யாராச்சும் செத்தா என்ன சார் செய்வீங்க?" என்றாள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டாள். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றேன்.

அவள் அதைக் கலைக்களஞ்சியத்தின் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனாள். அங்கே எழுதுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்போம். பாதிப் பேர் அவள் பக்கம் சாய்ந்தார்கள். எனக்கு அது ஒரு கிழங்கைப் பற்றிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரு கட்டுரையில் எச்சரிக்கையை உள்ளே விட்டால் அடுத்த கட்டுரையில் இன்னொருவர் இன்னொன்றைச் செருகுவார். நான் சுத்தம் செய்த ஆயிரக்கணக்கான வாக்கியங்களும் பழையபடி ஆகிவிடும். யாருக்கும் எதுவும் நேரவில்லை என்பதுதான் அங்கே நான் வைத்த முக்கியமான வாதம். அதை நம்பித்தான் மற்றவர்கள் எனக்கு வாக்களித்தார்கள்.

அந்த வாரம்தான் என் தங்கை புஷ்பராணி கூப்பிட்டாள்.

அவளும் கணவர் தனேஸ்வரனும் ஆயர் தாவாரில் இருந்தார்கள். இருவரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வீட்டுக்குப் பின்னால் முன்பு ரப்பர்த் தோட்டம், இப்போது செம்பனை. வேலி ஓரத்தில் மட்டும் பழைய ரப்பர் மரங்கள் சில நிற்கின்றன. புஷ்பராணிக்குப் புதிதாக எதையாவது சமைத்துப் பார்ப்பதில் ஆசை. எந்தக் கீரையைப் பார்த்தாலும் எனக்குப் படம் அனுப்புவாள். சின்ன வயதிலிருந்தே எதையும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வாள்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா? பின்னால தண்ணி போற லோங்கா வெட்ட ஓர் ஆள் வந்தான். வேலி ஓரத்துல வெட்டறப்போ கிழங்கு கிழங்கா வந்துச்சு. காடோங்னு சொன்னான். போன்ல கேட்டேன், உண்ணப்படும் ஒரு காட்டுக் கிழங்குன்னு படிக்குது. அது நீங்க எழுதினதுதானே?"

ஆமாம் என்றேன். அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"அதான் நினைச்சேன், அண்ணன் மாதிரியே இருக்குன்னு. ரெண்டாம் பண்ணணும்னு வேற சொல்லிட்டுப் போனான் அந்த ஆள். நானும் தண்ணியில ஊறப் போட்டிருக்கேன், ஒரு மணி நேரம் ஆச்சு. போதும்லா?"

ரெண்டாம் என்றால் மலாயில் ஊறவைப்பது. உங்களுக்குத் தெரியும். எவ்வளவு நாள் என்பது எனக்கும் தெரியும். கீழே கொண்டுபோய் வைத்தவன் நான்தான்.

"கட்டுரையில நேரம் ஏதும் போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லையே."

"படிச்சியா?"

"படிச்சேன் அண்ணே."

"அப்புறம் என்ன."

அவள் சிரித்தாள். அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுச் சாப்பிடப்போவதாகச் சொன்னாள். தனேஸ்வரன் சித்தியவானுக்குக் காரைச் சரிபார்க்கப் போயிருக்கிறார், அவருக்கும் கொஞ்சம் எடுத்துவைப்பேன் என்றாள். நான் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் முதல் வாக்கியத்தை மட்டும்தான் கேட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஆனால் அவள் படித்தேன் என்று சொன்னாள். கீழே போய்ப் படி என்று நான் சொல்லியிருந்தால், என் சொந்தத் தங்கையே, நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவளே, முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகும். பிறகு வாக்கெடுப்பில் எந்த முகத்தோடு நிற்பது? ஒரு வாசகரை எப்படி நடத்துவேனோ அப்படித்தான் அவளையும் நடத்தினேன். அன்று நான் பதற்றமாக இருக்கவில்லை. ஒரு தட்டு மீகூன் வாங்கிவந்து சாப்பிட்டுவிட்டு மூன்று கட்டுரைகளைத் திருத்தினேன்.

பிற்பகலில் தனேஸ்வரன் கூப்பிட்டார். அவர் வீட்டுக்கு வந்தபோது புஷ்பராணி குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறாள். வாந்தி, வாய் எல்லாம் நுரை, கை கால் இழுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்களோடு தூக்கிக் காரில் போட்டு அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார். நான் ஈப்போவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் செம்பனை. மழை பெய்து விட்டிருந்தது. அழுகை வரவில்லை. வாக்கெடுப்பு மறுநாள் முடிகிறது என்பதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவசரப் பிரிவு வாசலில் தனேஸ்வரன் செருப்பில்லாமல் நின்றார். டாக்டர் இளம் பெண், மலாய்க்காரர், பொறுமையாகப் பேசினார். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார்.

"என்னமோ கிழங்கு டாக்டர். நான் வீட்டுல இல்ல," என்றார் தனேஸ்வரன். பிறகு என்னைக் காட்டினார். "இவர் அவளோட அண்ணன். காலையில இவர்கிட்டதான் பேசியிருக்கா. இவரைக் கேளுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அவர் கையில் கைப்பேசி இருந்தது. பெயரைச் சொன்னால் அங்கேயே தேடுவார். மற்ற மொழிப் பக்கங்களில் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது, ஆனால் தனேஸ்வரனும் அவருடைய கைப்பேசியை எடுப்பார். அவர் தமிழில்தான் தேடுவார். என் வாக்கியத்தை, என் முன்னால், என் தங்கை உள்ளே கிடக்கும்போது சத்தமாகக் கேட்பார்.

மரவள்ளிக்கிழங்கு என்று சொன்னேன்.

டாக்டர் உள்ளே போய்விட்டார். தனேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து, "மரவள்ளி எங்க வீட்டுல எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கோமே மச்சான்," என்றார். சில சமயம் கசப்பு மரவள்ளி மாறி வந்துவிடும் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

பிறகு ஒரு தாதி வெளியே வந்தார். நம் ஆள். "அங்கிள், டாக்டர் இன்னொரு தடவை கேட்டுட்டு வரச் சொன்னாங்க. மரவள்ளிதான்னு கன்ஃபர்மா தெரியுமா? அவங்களுக்கு மூச்சு விடச் சிரமமா இருக்கு. மருந்துக்குச் சரியா பிடிபடல."

தெரியும் என்றேன். மரவள்ளிதான்.

பொழுது சாயும் நேரத்தில் புஷ்பராணி இறந்துபோனாள். தனேஸ்வரன் என் தோளில் சாய்ந்து அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். சவப்பெட்டிக்குச் சொல்வது, ஐயரைக் கூப்பிடுவது, செய்தித்தாளுக்கு அறிவிப்பு எழுதுவது எல்லாவற்றையும் நானே பார்த்தேன். கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்று, "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன மச்சான் பண்ணியிருப்பேன்," என்றார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். வாக்கெடுப்பு எனக்குச் சாதகமாக முடிந்திருந்தது. ஷாமினி ஒரு வரி எழுதியிருந்தாள். தங்கை தவறிய செய்தி கேட்டேன் சார், மனம் வருந்துகிறேன் என்று. நன்றி என்று பதில் போட்டேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவருக்கென்று அவள் எடுத்துவைத்திருந்த பங்கை, மேசையில் சாப்பாட்டை மூடிவைக்கும் கூடைக்குக் கீழே, தனேஸ்வரன் கண்டெடுத்திருக்கிறார். அவர் அதை மருத்துவமனையில் கொடுத்தார், அங்கிருந்து பரிசோதனைக்குப் போனது, மரவள்ளி இல்லை என்று வந்தது. பிறகு போலீஸிலிருந்து நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். நீங்கள் தமிழர் என்பதால் எனக்கு எளிதாயிற்று.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிப் பரிசோதிக்கட்டுமா என்று வக்கீல் கேட்டார். தேவையில்லை. எனக்கு மனக்குழப்பம் எதுவும் இல்லை. அவள் என்ன சாப்பிடப் போகிறாள் என்று காலையிலேயே தெரியும். சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். மருத்துவமனையில் தெரிந்தேதான் வேறு பெயரைச் சொன்னேன். இதை நீங்கள் அப்படியே பதிந்துகொள்ளலாம்.

சரியான பெயர் தெரிந்திருந்தால் முன்பே சுவாசக் கருவி பொருத்திக் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவ்வளவு முக்கியமான கேள்வி என்றால் தாதியை ஏன் அனுப்ப வேண்டும்? அவரே வந்து இன்னொரு முறை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.