கணக்கை மூடுற பட்டன்

இல்லம்மா, காப்பி வேணாம். மொதல்ல கம்ப்யூட்டரைத் தொறங்க. நம்ம கல்யாண வெப்சைட்ல கணக்கை மூடுற பட்டன் இருக்குல்ல, அது மொதப் பக்கத்துலயே பளிச்சுன்னு தெரியணும். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள.

ஆமா, நான்தான் ஒளிச்சு வைக்கச் சொன்னேன். யாரு இல்லன்னா? வெப்சைட்டை வடிவமைக்கிறப்ப செவரு பூரா கலர் சீட்டு ஒட்டி, ஜனங்க எதை எங்க தேடுவாங்கன்னு எனக்கே பாடம் எடுத்தீங்க. வெளிய போற வழி தெரிஞ்சாத்தான் ஜனம் நம்பி உள்ள வரும்னீங்க. நான் தள்ளுவண்டில சீப்பு வித்து மேல வந்தவன்மா. கையில எடுத்தவன் வாங்காம நகர்ந்ததில்ல. வந்தவனுக்கு வாசலைக் காட்டுறவன் வியாபாரியான்னு கத்தினேன். முதலாளி கோவத்துல ஆயிரம் கத்துவான், படிச்சவங்க நீங்க திருப்பி ஒரு அதட்டு அதட்டியிருக்க வேணாமா?

இப்பப் பாருங்க. உதவிங்கிறதைத் தொடணும், அதுக்குள்ள மற்றவை, அதுக்கும் அடியில எறும்பு சைசுல சாம்பல் எழுத்து. அதைக் கண்டுபிடிச்சுத் தொட்டா, எங்களைப் பிரிய மனசு வருதான்னு ஒரு அழுவுற மூஞ்சி. அது யாரு ஐடியா? சரி விடுங்க, என்னுதாவே இருக்கட்டும். கடைசில ஆபீசுக்குப் போன் பண்ணுங்குது. பண்ணா, நம்ம ஆபீஸ் பொண்ணு விடுறாளா? நல்ல வரன் வர்ற நேரத்துல போறேங்கிறீங்களேன்னு கூடக் காசு கட்டிச் சேர்ற தங்கத் திட்டத்தைத் தலையில கட்டப் பாக்குறா. அத்தனையும் நான் சொல்லிக் கொடுத்த பேச்சு, ஒரு எழுத்து பிசகல.

யாருக்கா? ஒரு கஸ்டமருக்கு. பாவம், ரொம்ப நல்ல மனுஷன்.

என்னது, சோதிச்சுப் பாத்துட்டு நாளைக்கா? நாளைக்கு அந்தாளு வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாதும்மா! பட்டனை மெதுவா மாத்துங்க, அந்த ஒரு கணக்கை மட்டும் இப்பவே தூக்குங்க. அவசரத்துக்குத் தனி ரேட்டா? அநியாயம், பாதி வாங்கிக்கங்க. சரி முக்கால். ஐயோ, நீங்க சொன்னதே!

போன் நம்பர் இருந்தா போதுமா? அது வந்து… என் நம்பரையே போட்டுப் பாருங்களேன்.

சிரிக்காதீங்கம்மா. புது வெப்சைட் ஒழுங்கா ஓடுதான்னு பாக்க நானே மாப்பிள்ளையாப் பதிஞ்சேன். போட்டோ கேட்டுச்சு, நல்லதா ஒண்ணு குடுத்தேன். கல்யாணம் ஆச்சான்னு கேட்டுச்சு, ஆச்சுன்னா உள்ள விடல, இல்லன்னு அமுக்கினேன். அதோட மறந்தும் போனேன். உங்க மெஷின் சும்மா இருந்துச்சா? உங்களுக்கு ஏத்த வரன்னு என் மூஞ்சியைக் கொண்டுபோய் யாருக்கு அனுப்பியிருக்கு தெரியுமா? என் மச்சினிச்சிக்கு! அவ தொறந்து பாத்துட்டான்னு எனக்கே வாழ்த்து வேற வருது.

கேட்டாளாவா? என்கிட்ட மூச்சு விடல. பொண்டாட்டிதான் இப்பப் போன் பண்ணா. தங்கச்சிக்கு ஏதோ வரன் வந்திருக்காம், சாயங்காலம் போட்டோவோட வர்றாளாம். நீங்களும் சீக்கிரம் வந்து, மாப்பிள்ளை எப்படின்னு பாத்துச் சொல்லுங்கங்குறா.