ஐம்பத்தொன்றும் நாற்பத்தெட்டும்

தன் கால் அளவைச் சரியாகச் சொல்லும் மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆண்கள் ஒரு அளவு கூட்டிச் சொல்வார்கள். பெண்கள் ஒரு அளவு குறைத்துச் சொல்வார்கள். எங்கள் பாதிரியார் மட்டும் கடவுளுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டுவார். நான் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. அவர்கள் சொன்னதை அட்டையில் எழுதிக்கொள்வேன். பிறகு காலைக் கையில் பிடித்துப் பார்த்து, எது பொருந்துமோ அதைக் கொடுத்து அனுப்புவேன். மேடம், இந்த ஒரு பழக்கத்தை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும்.

என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை ருப்பெர்ட்டை நீதிமன்றத்தில் நிறுத்தப்போகிறீர்கள். இரவெல்லாம் பனியைச் சமன் செய்யும் இயந்திரம் ஓட்டி, காலையில் எங்கள் பனிச்சறுக்குச் சரிவை இஸ்திரி போட்ட விரிப்பு போல வைத்திருப்பவர் அவர். பிப்ரவரி முதல் ஞாயிறன்று மருந்துக்கடை செவரின் செயற்கைப் பனி தூவும் கம்பத்தில் மோதிச் செத்துப்போனதற்குக் காரணம், ருப்பெர்ட் சரியாகச் சமன் செய்யாமல் விட்ட ஒரு பள்ளம் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. ருப்பெர்ட்டின் மனைவி வால்ட்ராவுட் போன வாரம் என் கடைக்கு வந்தாள். எதுவும் வாங்க வரவில்லை. பூட்ஸ் போட்டுப் பார்க்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, "இருபது வருஷத்துல அந்தாளு ஒரு கோடு கோணலா விட்டதில்லண்ணே, உங்களுக்குத் தெரியுமில்ல" என்று அழுதாள். எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சும்மா இருக்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதனால் வந்தேன். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஸ்னோபோர்டில், அதாவது ஒரே பலகையில் இரண்டு காலையும் பூட்டிப் பனியில் சறுக்குவதில், பெரும்பாலானவர்கள் மெத்தென்ற பூட்ஸ் போட்டுக்கொண்டு, பனியை வழித்துக்கொண்டே இறங்குவார்கள். அவர்கள் என்னிடம் வருவதில்லை. பலகையை அதன் விளிம்பில் நிறுத்தி, உடம்பு பனியைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து, கத்தியால் கீறினதுபோல ஒரு கோடு மட்டும் விட்டுச் செல்கிறவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸ் வேண்டும். எங்கள் லுங்காவ் மலைப்பகுதி முழுக்க அப்படி முப்பத்தெட்டு பேர் இருக்கிறோம். இருந்தோம். அத்தனை பேர் பூட்ஸையும் பத்தொன்பது வருடமாக நான்தான் பொருத்துகிறேன். உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடச்சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை விரல் நுழைகிறதா என்று பார்ப்பேன். உள்ளுறையை அடுப்பில் சூடாக்கி, காலோடு வைத்து இறுக்குவேன். முழங்கால் உள்ளே மடங்குகிறவர்களுக்கு அடியில் ஆப்பு வைப்பேன். எடையைப் பார்த்து, தைரியத்தையும் பார்த்து, பலகையைத் தேர்ந்தெடுப்பேன். தைரியம் அதிகமுள்ளவர்களுக்கு நீளம் கொஞ்சம் குறைத்தே கொடுப்பேன், அவர்களுக்குத் தெரியாமல்.

கடைசியில் கோணம் வரும். பூட்ஸ் நீளம், பலகை அகலம் குறைவு. காலைக் குறுக்கே வைத்தால் விரலும் குதிகாலும் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் காலைப் பலகையின் மூக்குப் பக்கமாகத் திருப்பி வைக்கிறோம். எத்தனை பாகை திருப்புகிறோமோ அதுதான் எண். முன்காலுக்கு ஒன்று, பின்காலுக்கு ஒன்று. எண் குறைந்தால் பூட்ஸ் வெளியே நீட்டும். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. ஆழமாகச் சாயும்போது, நீட்டிக்கொண்டிருக்கிற பிளாஸ்டிக் பனியில் இடிக்கும். பலகை விளிம்பை விட்டுத் தூக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த ஆள் சும்மா வழுக்கிப்போகிற ஒரு மூட்டைதான்.

செவரின் ஒன்பது வருடம் முன்பு என்னிடம் வந்தார். வந்ததும் வராததுமாக, ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு என்றார். எங்கேயோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருடைய பெரிய பாதத்துக்கும் இருபது சென்டிமீட்டர் அகலப் பலகைக்கும் அறுபத்து மூன்று, அறுபதுக்குக் கீழே போகவே கூடாது. எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "மாஸ்டர், டாக்டர் எழுதிக் குடுத்ததத்தான் நான் எடுத்துக் குடுக்கறேன். நானா மாத்துனா என் கடையே இருக்காது. நீங்களும் அட்டையில இருக்கிறதப் பண்ணுங்க, போதும்" என்றார். நானும் சரி என்றேன். அன்று மதியம், பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கின் வட்டைக் கழற்றி, அதில் பொறித்திருந்த பாகை எண்களை அரத்தால் தேய்த்துவிட்டு, பன்னிரண்டு பாகை தள்ளி வேறு எண்களைப் பொறித்தேன். காலை அறுபத்து மூன்றில் வைத்தால் வட்டு ஐம்பத்தொன்று காட்டும். செவரின் குனிந்து எண்ணைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். இப்படி மொத்தம் ஏழு பேருக்குச் செய்திருக்கிறேன். மற்ற ஆறு பேரும் இன்றைக்கும் நன்றாக ஓட்டுகிறார்கள்.

செவரின் ரொம்பவே நன்றாக ஓட்டினார். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிப்ரவரி முதல் ஞாயிறன்று மலைமேல் ஏற்றிச்செல்லும் நாற்காலி லிஃப்டைப் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நாங்கள் மட்டும் மேலே போவோம். யார் முதலில் இறங்குவது என்று ஊர்ச் சத்திரத்தில் ஓட்டெடுத்து, அவருடைய இரண்டு எண்களையும் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிவைப்பார்கள். வருடம் முழுக்க அது அழியாமல் இருக்கும். ஆறு வருடமாக அந்தக் கரும்பலகையில் ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு என்றே இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும் தின்றுகொண்டு, கோணத்தைப் பற்றி மற்றவர்களுக்கு அவர் பாடம் எடுப்பார். நான் பக்கத்து மேஜையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

பள்ளிக்கூட ஆசிரியை கெர்லிண்டே அந்த எண்களை எழுதிக்கொண்டுபோய், சால்ஸ்பர்க்கில் ஒரு கடையில் அப்படியே வைத்துக்கொண்டாள். நான்காவது நாள் மணிக்கட்டு ஒடிந்தது. கட்டோடு என் கடைக்கு வந்து, "செவரினுக்கு சரியா வர்றது எனக்கு ஏண்ணே வரல? எங்கிட்டதான் ஏதோ கோளாறு" என்றாள். கட்டு வலிக்கிறதா என்று மட்டும் கேட்டேன். காரணத்தைச் சொன்னால் வட்டைப் பற்றியும் சொல்லவேண்டும்.

அன்றைக்கே சத்திரத்துக்குப் போய் செவரினிடம் மெல்லப் பேச்செடுத்தேன். எல்லோருக்கும் அந்த எண் ஒத்துவராது, பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

"அது அவ சாயற லட்சணம். நம்பர் என்ன பண்ணும்?" என்றார் அவர். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நம்ம மாஸ்டர் நல்ல மனுஷன்ப்பா. திருகாணி முடுக்கறதுல அவர அடிச்சுக்க ஆளில்ல. ஆனா எவ்வளவு முடுக்கணும்னு யாராவது பக்கத்துல நின்னு சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கெர்லிண்டேயின் மணிக்கட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு தப்பான எண் ஊர் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. அதைத் தப்பு என்று யாராவது காட்டியாகவேண்டும். சொல்லிக் காட்ட என்னால் முடியாது.

ஜனவரி கடைசியில் செவரின் புதுப் பலகையும் புது பைண்டிங்கும் வேண்டும் என்று வந்தார். இந்த முறை பத்தொன்பது சென்டிமீட்டர் அகலம், இன்னும் ஒடுக்கம். பந்தயக்காரர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். பூட்ஸ் பழையது. "நம்பர் தெரியுமில்ல மாஸ்டர்?" என்றார். தெரியும் என்றேன். அட்டையில் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார்.

அரம் மேஜை மேலேயே கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. தொழிற்சாலையில் பொறித்த வட்டை அப்படியே வைத்து, முன்காலை ஐம்பத்தொன்றிலும் பின்காலை நாற்பத்தெட்டிலும் நிறுத்தி, எட்டுத் திருகாணியையும் முடுக்கினேன். இத்தனை வருடத் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடியே செய்து கொடுத்தது அதுதான் முதல் தடவை. பலகையைத் துடைத்து, விளிம்பைத் தீட்டி, மெழுகு போட்டுக் கொடுத்தேன். எந்த வேலையிலும் நான் குறை வைப்பதில்லை.

ஞாயிறு காலை லிஃப்டில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவ்வளவு பேர் இருக்க, என்னோடுதான் வந்தார். கீழே ருப்பெர்ட்டின் சரிவு ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. இரவு நன்றாகக் குளிர்ந்திருந்ததால் பனி கல்லாக இருந்தது. பூட்ஸ் அதில் கொஞ்சமும் புதையாது.

"மாஸ்டர், நேத்து சாயங்காலம் மெதுவா ரெண்டு தடவ எறங்கிப் பாத்தேன். காலு ஏதோ குறுக்க நிக்கற மாதிரி இருக்கு" என்றார்.

"புதுப் பலகை அப்படித்தாங்க இருக்கும். வேகம் எடுத்தா சரியாயிடும்" என்றேன்.

"எதுக்கும் மேல போனதும் ஒரு தடவ பாத்துடுங்களேன். உங்க கண்ணு பட்டாதான் எனக்குத் தைரியம்."

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். ஒன்பது வருடத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான்.

மேலே போனதும் பார்த்தேன். திருகாணி முடுக்குகிற ஆலன் கீ எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். எட்டுத் திருகாணியைத் தளர்த்தி, இரண்டு காலையும் திருப்பி, மறுபடி முடுக்க நான்கு நிமிடம் ஆகும். மற்றவர்கள் கையுறையை மாட்டிக்கொண்டு, தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் அவசரமில்லை. நான் முழங்காலிட்டு வட்டைப் பார்த்தேன். ஐம்பத்தொன்று. நாற்பத்தெட்டு. அட்டையில் இருந்தது அப்படியே. ஒரு திருகாணி லேசாகத் தளர்ந்திருந்தது, அதை முடுக்கினேன். பிறகு எழுந்து, "சரியா இருக்குங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் இறங்கினார். முதல் இரண்டு வளைவு அழகாக இருந்தது. மூன்றாவது வளைவு குதிகால் பக்கம் சாய்கிற வளைவு; அங்கேதான் சரிவு செங்குத்தாகும், அங்கேதான் அவர் எப்போதும் இடுப்பு பனியைத் தொடுகிறவரை படுப்பார். ஆறு வருடமாக நான் பார்த்து ரசித்த இடம் அது. நான் மற்றவர்களோடு நிற்காமல், அந்த வளைவு நன்றாகத் தெரிகிற ஓரத்துக்குப் போய் நின்றிருந்தேன். முன்கால் குதி இடித்தது. பலகை தூக்கியது. கம்பத்துக்கு மெத்தை கட்டித்தான் இருந்தார்கள், போதவில்லை.

கெர்லிண்டேக்கு ஆனதுபோல மணிக்கட்டு ஏதாவது ஒடியும் என்று நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம் என்றுதான் வரும் வழியில் யோசித்துக்கொண்டு வந்தேன். இப்போது உட்கார்ந்து பேசும்போது அது உண்மையாகத் தெரியவில்லை. கம்பம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் எந்த இடத்தில் விழுவார் என்றும், எந்தப் பக்கம் போவார் என்றும் தெரியும். செவரினைக் கொன்றது நான்தான்.

உங்கள் நிபுணர் படம் எடுத்துவைத்த பள்ளம் இயந்திரம் போட்டதல்ல, பூட்ஸ் குதி இடித்துப் பெயர்த்தது. அவர் ஸ்கீ மட்டும் தெரிந்தவர், ஸ்னோபோர்ட் தெரியாது, பாவம். வட்டையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தது, விட்டுவிட்டார். இந்தக் கைக்குட்டையில் செவரினுடைய பழைய வட்டுகள் இரண்டும் இருக்கின்றன. கோணமானி வைத்து அளந்து பாருங்கள். என் வேலை எப்படி இருக்கும் என்று தெரியும்.

இதை ஏன் காட்டுகிறேன் என்றால், அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதன் நகலைச் சத்திரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நேற்று மதியம் சாப்பிடப் போனபோதுதான் படித்தேன். பலகை பத்தொன்பது சென்டிமீட்டர், கோணம் ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு, பொருத்தியவர் ஓர்ட்வின் லாசகெர், வேலையில் குறை ஏதும் இல்லை. என் பெயரைப் போட்டு, முத்திரை குத்தி, எழுதியிருக்கிறீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் அதைப் படித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? இரண்டு மாதம் பழகின கத்துக்குட்டிகூட அந்தப் பலகையில் அந்தக் கோணம் வைக்கமாட்டான். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த இடத்தில், பொருத்துபவரின் கணிப்பு அறுபத்து மூன்று, அறுபதுக்கும் மேல் என்று எழுதுங்கள். வேண்டுமென்றே தவறாக வைத்தார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தெரியாமல் வைத்தார் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக்கூடாது.

ருப்பெர்ட்டா? ஆமாம், அவரும் இருக்கிறார். அவருடைய வழக்கு வியாழக்கிழமைதானே, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நான்காம் பக்கத்தை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.