திரும்பிய N

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர். ஒருவர் ரேடியம் ஸ்டிக்கர் கடைக்காரர். மற்றவர் குவைத்துக்குக் கிளம்பியவர். மடியில் பெயர் ஒட்டிய சூட்கேஸ்.

"குவைத்துலேர்ந்து முனிரத்னம் பொணம் வந்துச்சே, அந்தப் பொட்டி மேலயும் என் எழுத்துதான் மச்சான்," என்றார் கடைக்காரர்.

"உன் எழுத்துன்னு எப்பிடித் தெரியும் மாமா?"

"தடியா, வளைவே இல்லாம, மூலை மூலையா இருந்துச்சு. பிளேடு நேராத்தான போவும்? பின்பக்கமா எழுத்தத் திருப்பிப் போட்டு வெட்டறப்ப, N மட்டும் மறந்து எனக்குத் திரும்பிக்கும். அதுலயும் திரும்பிக்கினு இருந்துச்சு."

"அங்கயும் எவனாவது உன்ன மாதிரி வெட்டுவான்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

கிளம்பியவர் சூட்கேஸைத் தட்டிச் சிரித்தார். "என் பேருலயும் திரும்பித்தான் கீது. எப்பதான் மாமா N-ஐ நேரா வெட்டுவ?"

கடைக்காரர் குனிந்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத்த நான் வெட்டல மச்சான்."